மரத்தடி மேடமும் நாவல் கறையும்

சேலையூர் வட்டாரத்தில் மனிதர்களை அழவைப்பதில் மரத்தடி மேடத்துக்கு இணையாக இன்னொருவர் பிறந்ததில்லை. இனிமேல் யாராவது பிறப்பதாக உத்தேசம் இருந்தாலும், முதலில் மேடத்திடம் வந்து நாலு வருஷம் பயிற்சி எடுத்துக்கொண்டு அப்புறம் பிறப்பது நல்லது. டி.வி. சீரியல்காரர்கள் கிளிசரின், வயலின், இடி மின்னல் என்று அத்தனை தளவாடங்களையும் இறக்கி அரை மணி நேரத்தில் சாதிக்கிற காரியத்தை, மேடம் ஒரு நாவல் மரத்தையும் ஒரு விளக்குமாற்றையும் வைத்துக்கொண்டு பத்தே நிமிஷத்தில் முடித்துவிடுவார். அப்படி அழுதவர்கள் யாரும் கோபித்துக்கொண்டு போனதில்லை. அடுத்த வாரமும் அதே நேரத்துக்கு வந்து, கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிப் போட்டார்கள். அவர்களில் நானும் ஒருவன்.

மேடத்தின் தொழில் கவுன்சலிங். உளவியலில் எம்.எஸ்ஸி., அதற்கு மேல் இரண்டு டிப்ளமோ. ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் பத்து வருஷம் ஏ.சி. அறைக்குள் உட்கார்ந்து வைத்தியம் பார்த்தவர், ஒரு நாள் எழுந்து வந்துவிட்டார். காரணம் கேட்டால் சொல்வார்:

"ரூமுக்குள்ள இட்டாந்து குந்த வெச்சா அல்லாரும் பொய் சொல்றாங்க சார். ஏ.சி. போட்டா இன்னும் ஜாஸ்தி சொல்றாங்க."

இவ்வளவு படித்தவர் இப்படியா பேசுவார் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. மேடத்தின் குடும்பம் சேலையூரில் பரம்பரையாகக் கத்திரிக்காயும் கீரையும் பயிர் செய்த குடும்பம். காலனி வந்து, அபார்ட்மென்ட் வந்து, கேம்ப் ரோட்டில் பஸ்ஸும் பைக்கும் நகர இடமில்லாமல் போன பிறகும் அவருடைய பேச்சு மட்டும் தோட்டத்திலேயே நின்றுவிட்டது. அண்ணன் தம்பிகள் தங்கள் பங்கில் மாடி மாடியாகக் கட்டிக்கொண்டார்கள். மேடம் தன் பங்கை அப்படியே விட்டுவைத்தார். அதில் இருந்தவை ஒரு பெரிய நாவல் மரம், தண்ணீர் இல்லாத ஒரு பம்ப்செட் தொட்டி, ஓடு வேய்ந்த ஒரு மோட்டார் ரூம். மரத்தில் ஆணி அடிக்க மனசில்லாததால் பட்டச் சான்றிதழ்கள் எல்லாம் மோட்டார் ரூமில் விளக்குமாற்றுக்குப் பக்கத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. யாராவது சந்தேகமாகப் பார்த்தால், "படிச்சதெல்லாம் உள்ள கீது. வோணும்னா போய்ப் பாத்துகினு வா" என்பார்.

பார்ப்பதற்கு எங்கள் தெருவில் காய்கறி பேரம் பேசுகிற எந்த அம்மாளைப் போலவும் இருப்பார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். காட்டன் புடவை, வெறும் கால், கொண்டையில் குறுக்கே சொருகிய ஒரு பென்சில். அந்தப் பென்சிலை எடுத்து அவர் ஒரு வரி எழுதி நான் பார்த்ததில்லை. எத்தனை பேர் வந்தாலும் அவரவர் கதை முழுவதும் அவர் தலைக்குள்தான் இருந்தது. ஏன் மேடம் குறிப்பு எடுக்கவில்லை என்று கேட்டேன். "எழுதி வெச்சா எவனாவது படிப்பான்" என்றார்.

மரத்தடிக்கு சில சட்டங்கள் உண்டு. செருப்பு கேட்டுக்கு வெளியே. செல்போன் இட்லி குண்டானுக்குள். ஆமாம், அலுமினிய இட்லி குண்டான்தான். மூடி போட்டு மேலே ஒரு செங்கல்லும் வைத்துவிடுவார். உள்ளே போன் அதிர்ந்தால் குண்டான் முழுக்கக் கடகடவென்று ஆடும். நாம் பதறிப்போய் திரும்பிப் பார்ப்போம். மேடம் அசைய மாட்டார்.

"வேவுது சார். வேவட்டும்."

மூன்றாவது சட்டம்தான் கஷ்டம். வந்ததும் கால் மணி நேரம் யாரும் பேசக்கூடாது. தொட்டி விளிம்பில் உட்கார்ந்து எறும்பைப் பார்க்கலாம், மரத்தைப் பார்க்கலாம், இரண்டும் பிடிக்காவிட்டால் விளக்குமாற்றை எடுத்து சருகு பெருக்கலாம். நம் ஊரில் கால் மணி நேரம் பேசாமல் இருக்கக்கூடியவர்கள் டிக்கெட் பரிசோதகரிடம் மாட்டிக்கொண்டவர்கள் மட்டும்தான். மற்ற எல்லோரும் ஏழாவது நிமிஷத்தில் உடைந்துவிடுவார்கள்.

மரத்தடி என்றதும் நம்மவர்களுக்கு ஜோசியர்தான் ஞாபகத்துக்கு வருவார். ஆரம்பத்தில் வந்த ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், மஞ்சள் பையில் குடும்பத்தார் ஆறு பேரின் ஜாதகத்தையும் கட்டி எடுத்துக்கொண்டு வந்திருந்தார். மேடம் அந்தப் பையை வாங்கி, நேராக இட்லி குண்டானுக்குள் போட்டு மூடிவிட்டார். இன்னொரு முறை ஒரு பில்டர் வந்தார். இடத்தைக் கேட்க வந்தவர். நாலு மாடி, எட்டு வீடு, அதில் மூன்று மேடத்துக்கு என்று வாயெல்லாம் திட்டத்தோடு வந்தவரை, "மொதல்ல குந்துங்க சார்" என்று தொட்டியில் உட்காரவைத்தார். கால் மணி நேரம் கழித்து அந்த மனிதர், தன் அம்மாவைக் கடைசிக் காலத்தில் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளவில்லை என்று தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார். இடத்தைப் பற்றி இன்றுவரை கேட்கவில்லை. புதன்கிழமை தோறும் வருகிறார்.

இனி என் கதை.

எனக்கு ஒரே பையன், பிரவீன். பொத்தேரியில் இன்ஜினீயரிங் படித்தான். படித்தான் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு செமஸ்டரும், "எல்லாம் கிளியர்ப்பா" என்பான். பொங்கலுக்கு முந்தின வாரம் கல்லூரியிலிருந்து வந்த கடிதத்தில் பதினோரு அரியர் இருந்தது. ஒன்று இரண்டு என்றால் பையனைத் திட்டலாம். பதினொன்று என்றால் அது ஒரு கிரிக்கெட் டீம். நான் கிண்டியில் ஒரு கம்பெனியில் பர்ச்சேஸ் பிரிவில் இருக்கிறேன். எவனோ ஒருவன் அனுப்பும் சரக்கில் ஒரு போல்ட் குறைந்தால் கண்டுபிடித்துவிடுகிற நான், என் வீட்டுக்குள் பதினொன்று குறைந்ததைக் கண்டுபிடிக்கவில்லை. அந்த ஆத்திரத்தில் கத்தினேன்.

"அத்தனை அரியரையும் முடிச்சுட்டு அப்புறம் என் மூஞ்சியில முழி."

பிறந்ததிலிருந்து என் பேச்சை ஒரு நாளும் கேட்காதவன், அன்றைக்குப் பார்த்துக் கேட்டுவிட்டான். பையை எடுத்துக்கொண்டு போய், பொத்தேரியில் மூன்று நண்பர்களோடு ரூம் எடுத்துத் தங்கிவிட்டான். எனக்குப் போன் இல்லை. நானும் செய்யவில்லை. ஆனால் வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம், நான் ஆபீஸிலிருந்து திரும்புவதற்குள் வீட்டுக்கு வந்து, அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு, அழுக்குத் துணியைப் போட்டுவிட்டு, துவைத்ததை எடுத்துக்கொண்டு போனான். இது எனக்குத் தெரியாது என்று என் மனைவி கலா நினைத்தாள். எனக்கு சர்க்கரை வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் உருளைக்கிழங்கு கிடையாது. குப்பைக்கூடையில் உருளைக்கிழங்குத் தோல் கிடந்தால் அதை நானா தின்றேன்?

தெரிந்தும் நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. கலா கேம்ப் ரோட்டில் ஒரு ஸ்கூலில் கணக்கு டீச்சர். நாள் முழுக்கக் கத்திவிட்டு வருகிறவள் வீட்டில் கொஞ்சம் அமைதியாக இருப்பது வழக்கம்தான். ஆனால் இது வேறு அமைதி. "காஸ் வந்துச்சு", "மோட்டார் போடுங்க" என்பதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு இல்லை. பையன் பெயரை யாராவது முதலில் எடுத்தால் வீடு இரண்டாகிவிடும் என்கிற பயம் இரண்டு பேருக்கும் இருந்தது. எனக்குத் தூக்கம் போயிற்று. பசி போயிற்று. இவன் இனிமேல் நிஜமாகவே வராமல் போய்விடுவானோ என்று ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு திடீர் திடீரென்று நெஞ்சு அடைக்கும்.

எங்கள் டாக்டர் எல்லா டெஸ்ட்டும் எடுத்துப் பார்த்தார்.

"ரிப்போர்ட் எல்லாம் நல்லா இருக்கு சார். நீங்கதான் நல்லா இல்ல. யார்கிட்டயாவது மனசு விட்டுப் பேசுங்க" என்று மரத்தடிக்கு வழி சொன்னார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு, "வாக்கிங் போய்ட்டு வரேன்" என்று கலாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். இருபத்து நாலு வருஷக் குடும்ப வாழ்க்கையில் தெருமுனை பால் பூத்தைத் தாண்டி நடந்தறியாதவன் நான். அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "போங்க" என்றாள். அப்போதே எனக்கு சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மரத்தடியில் மேடம் என் போனை வாங்கி வேகவைத்தார். கையில் விளக்குமாற்றைக் கொடுத்தார்.

"பெருக்குங்க சார்."

"மேடம், நான் கவுன்சலிங்குக்கு வந்திருக்கேன்."

"தெரியும் சார். பெருக்குங்க."

பெருக்கினேன். முன்னால் பெருக்கிக்கொண்டே போனால் பின்னால் இலை விழுந்தது. திரும்பி வந்து பெருக்கினால் முன்னால் விழுந்தது. ஏழாவது நிமிஷம் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. விளக்குமாற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு, "எவ்வளவுதான் மேடம் செய்யறது? செஞ்சுகிட்டே இருக்கேன், ஒருத்தன் மதிக்கமாட்டேங்கறான். மூணாங்கிளாஸ்ல இருந்து நான்தான் அவனை ஸ்கூட்டர்ல..." என்று ஆரம்பித்தவன், அந்த ஸ்கூட்டரைத் தாண்டிப் போக முடியாமல் நின்றுவிட்டேன். ஐம்பத்திரண்டு வயசு ஆள், வெறும் காலோடு, ஒரு குவியல் சருகுக்கு நடுவில் நின்று அழுதேன்.

மேடம் தண்ணீர் கொடுக்கவில்லை, தோளைத் தட்டவில்லை. அண்ணாந்து பார்த்தபடி சொன்னார்:

"அழுவுங்க சார். நான் மரத்தைப் பாத்துகினு கீறேன்."

அதைவிட மரியாதையாக என்னிடம் யாரும் நடந்துகொண்டதில்லை.

அங்கே இன்னொரு ஏற்பாடும் உண்டு. தாம்பரம்காரர்களுக்குத் தெரியும், காலை நேரத்தில் தலைக்கு மேல் பயிற்சி விமானங்கள் சுற்றிச் சுற்றி வரும். அந்தச் சத்தத்தில் பேச்சு கேட்காது. அதனால் விமானம் வந்தால் பேசிக்கொண்டிருப்பவர் வாக்கியத்தை அப்படியே நிறுத்த வேண்டும். அது போன பிறகு, நிறுத்திய இடத்திலிருந்து அதே வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். "அப்பவும் அதையேதான் சொல்லணும்னு தோணிச்சின்னா சொல்லுங்க" என்பார். மேடத்தின் மொத்த வைத்தியமும் அந்த விமானத்தில்தான் இருந்தது என்பது என் அபிப்பிராயம்.

சித்திரை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நான் வீறாப்பாகச் சொன்னேன்:

"அவன் எனக்குப் பையனே இல்ல மேடம்."

சரியாக விமானம் வந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். அது மரத்துக்கு மேலே ஒரு வட்டம் போட்டு, வண்டலூர்ப் பக்கம் போய், என்னவோ மறந்துவிட்ட மாதிரி திரும்பி வந்து, இன்னொரு வட்டம் போட்டது.

"ஏரோப்ளேன் பூட்ச்சி. இப்ப சொல்லுங்க. இன்னா சொன்னீங்க?"

வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"அவனுக்கு உருளைக்கிழங்கு வறுவல்னா உயிர் மேடம்."

"சரி" என்றார் மேடம். அன்றைக்கு ஆபீஸ் போகிற வழியில் ரயிலில் நின்றுகொண்டே தூங்கினேன். மூன்று மாதத்தில் முதல் தூக்கம்.

வேடிக்கை எல்லாம் ஆனி மாதத்தில்தான் தொடங்கியது. நாவல் பழுத்தது. சின்னக் காற்று அடித்தால் போதும், பொத்துப் பொத்தென்று தலையிலும் தோளிலும் பழம் விழும். விழுந்த இடத்தில் ஊதாக் கறை. எலுமிச்சம்பழம் தேய்த்தாலும், தயிரில் ஊறவைத்தாலும், ஆயிரம் விளம்பரத்தில் வரும் எந்தப் பொடியைப் போட்டாலும் போகாது. கொஞ்சம் தள்ளி உட்காரலாமே என்று மேடத்திடம் சொல்லிப் பார்த்தோம்.

"மரம் போடுது. நாம இன்னா பண்றது?" என்று சொல்லிவிட்டார். மழைக்குத்தான் குடை, பழத்துக்குக் குடை பிடிக்கக்கூடாது என்று நாலாவதாக ஒரு சட்டமும் வந்தது.

எங்கள் காலனியில் பல்வலிக்கு டாக்டரிடம் போவதைக்கூட நாலு பேரிடம் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். மனசுக்கு டாக்டரிடம் போவதை மட்டும் கட்டினவளிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். ஆளாளுக்கு ஒரு பொய் வைத்திருந்தோம். வாக்கிங், யோகா, அருகம்புல் பறிப்பது, கார் சர்வீஸ். இப்போது அத்தனை பொய்யும் ஊதா நிறத்தில் தோளில் உட்கார்ந்துவிட்டது. அந்த மாதம் எங்கள் காலனி ஆண்கள் கொத்தாகக் கறுப்பு டீஷர்ட்டுக்கு மாறினார்கள். காலை வேளையில் பார்த்தால் ஏதோ கட்சி ஊர்வலத்துக்குக் கூடியவர்கள் மாதிரி இருக்கும்.

ஆனால் ஒருவரிடம் மறைக்க முடியவில்லை. தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அண்ணன். வீட்டில் காட்ட முடியாத சட்டையை எல்லாம் நாங்கள் அவரிடம்தான் துவைத்துத் தேய்த்துத் தரச் சொல்லி ரகசியமாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் என் சட்டையை விரித்துப் பார்த்தார். தோளில் இருந்த கறையை விரலால் தடவினார்.

"இன்னா சார், நீங்களுமா?"

"பழக்கடையில பட்டுடுச்சுண்ணா."

"ஆமா சார். இந்த மாசம் அல்லாருக்கும் பழக்கடையிலதான் பட்டுகீது" என்று சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் கைகாட்டினார். அங்கே ஒரு மூட்டை ஊதாக் கறை இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் குடியிருப்போர் சங்கச் செயலாளர் கூட்டம் போட்டார். சர்க்கார் உத்தியோகத்தில் ஓய்வு பெற்றவர், எதையும் தீர்மானமாக எழுதிப் பார்க்காவிட்டால் சாப்பாடு இறங்காது. நாங்கள் குடும்பத்தோடு போய் உட்கார்ந்தோம். அவர் வாசித்தார்:

"நமது குடியிருப்பின் மத்தியில் தினமும் பொழுது விடிந்ததும் அழுகைச் சத்தம் கேட்கிறது. புதிதாக வருபவர்கள் துக்க வீடு என்று நினைத்து வண்டியைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். ஆகவே மேற்படி மரத்தடி நடவடிக்கையை நிறுத்தும்படி..."

கையில் இருந்த காகிதம் காற்றில் படபடக்கிறது என்று ஃபேனைக் குறைக்கத் திரும்பினார். முதுகில் மூன்று கறை. காலருக்குள் பாதி நசுங்கிய ஒரு பழத்தோல், இன்னும் ஈரம் காயாமல்.

கூட்டம் அப்படியே அடங்கிவிட்டது. யாரோ ஒருவர் மட்டும், "சார், முதுகுல..." என்று ஆரம்பித்தார்.

"முதுகுல என்ன?"

"ஒண்ணுமில்ல சார். ஃபேன் அப்படியே இருக்கட்டும்."

செயலாளர் மெதுவாகத் தோளுக்குக் கையைக் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தார். விரலைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். எங்களில் பாதிப் பேர் கறுப்பு டீஷர்ட்டில் இருந்ததை அப்போதுதான் கவனித்தார் போலிருக்கிறது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு தொடர்ந்தார்.

"...நிறுத்தும்படி யாரும் கேட்கக்கூடாது என்றும், அந்த வழியில் பள்ளமாக இருப்பதால் நடப்பவர்கள் வசதிக்கு ஒரு லோடு மண் கொட்டுவது என்றும் இக்கூட்டம் தீர்மானிக்கிறது."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அன்றைக்கு நான் கூட்டத்தில் இருந்த எல்லோருடைய தோளையும் ஒரு சுற்றுப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கலாவின் தோளை மட்டும் பார்க்கவில்லை.

மேடம் கிளம்பும்போது வீட்டுப்பாடம் கொடுப்பார். அவை எல்லாம் ஒரு தினுசாக இருக்கும். ஒருவர் மாமியாருடன் உட்கார்ந்து கீரை ஆய வேண்டும். இன்னொருவர் வாரம் முழுக்க எதிர்வீட்டு நாய்க்கு வணக்கம் சொல்ல வேண்டும். ஆனி முடியப்போகிற ஒரு செவ்வாய்க்கிழமை என்னிடம் கேட்டார்:

"வூட்ல காயப்போட்ட துணிய யார் சார் எடுக்கறது?"

"வைஃப்தான்."

"இந்த வாரம் நீங்க போய் எடுங்க."

"ஏன் மேடம்?"

"மாடிக்குப் போனா காத்து வரும் சார்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் ஞாபகம் வந்தது. மாடிக்குப் போனேன். கொடியில் வரிசையாகத் துணிகள். நான் முதலில் பார்த்தது என்னுடைய சட்டையை. இஸ்திரிக்கார அண்ணனிடம் கொடுக்க என் ஸ்கூட்டர் பெட்டிக்குள் மறைத்து வைத்திருந்த சட்டை, துவைத்துக் காயப்போடப்பட்டிருந்தது. இடது தோளில் ஊதாக் கறை. அதற்குப் பக்கத்தில் கலாவின் வெளிர் மஞ்சள் காட்டன் புடவை. முந்தானையில் இரண்டு ஊதாக் கறை. அதற்குப் பக்கத்தில் காலேஜ் பெயர் போட்ட ஒரு வெள்ளை டீஷர்ட். அதன் முதுகில் ஐந்தாறு கறை.

அந்த டீஷர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பின்னால் கொலுசுச் சத்தம் கேட்டது. கலா வாளியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"மெஷின்ல ஒண்ணுல இருந்து ஒண்ணு ஒட்டிக்கிச்சா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது?

"மூணையும் தனித்தனியா கையிலதான் தொவைச்சேன்."

"நீ எந்தக் கிழமை?"

"வியாழன். ஸ்கூல் விட்டதும். நீங்க செவ்வாய்தானே?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"செவ்வாய்க்கிழமை மட்டும் வாக்கிங் போற ஆளை ஊர்ல எங்கயாவது பாத்திருக்கீங்களா?" என்றாள். "மூணு வாரமா என்னோடதையும் அவனோடதையும் பக்கத்துல பக்கத்துலதான் காயப்போடறேன், இந்த வாரம் பெட்டியில இருந்த உங்களோடதையும் சேத்துட்டேன். நீங்கதான் மாடிக்கே வரல."

"இவன்?"

"எனக்கும் டீஷர்ட்டைப் பாத்துதான் தெரியும். நான் கேக்கல, அவனும் சொல்லல." அவள் வாளியைக் கீழே வைத்தாள். "சண்டை போட்டுட்டுப் போனவன் அங்க போய் உக்காந்து பெருக்கறான்னா என்னங்க அர்த்தம்? அவனுக்கும் வரணும்னு இருக்கு."

அரை வருஷத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் அவனைப் பற்றிப் பேசப்பட்ட முதல் பேச்சு அது. இரண்டு பேரும் மாடியில் தண்ணீர் டேங்க் நிழலில் உட்கார்ந்து வெகுநேரம் பேசினோம். நடுநடுவில் இரண்டு விமானம் வந்தது. இரண்டு தடவையும் நாங்கள் இருவரும் தானாக வாயை மூடிக்கொண்டதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

டீஷர்ட்டை எடுத்துக்கொண்டு இஸ்திரி வண்டிக்குப் போனேன்.

"இந்தக் கறை போவாது சார்."

"போக வேண்டாம்ணா. தேய்ச்சு மட்டும் குடுங்க."

கலா டப்பாவில் உருளைக்கிழங்கு வறுவலை நிரப்பிக் கொடுத்தாள். கூட வா என்றேன். "நீங்கதானே போகச் சொன்னீங்க, நீங்களே போய்க் கூப்பிடுங்க" என்றாள். நியாயம்தான். கறை பட்ட என் சட்டையைப் போட்டுக்கொண்டு தாம்பரத்தில் செங்கல்பட்டு ரயில் ஏறினேன். பொத்தேரி வரைக்கும் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். இறங்கும்போது ஒரு வார்த்தை ஞாபகம் இல்லை.

மூன்றாவது மாடி. வாசலில் பத்துப் பேருக்கான செருப்பும் நாலு பேருக்கான துர்நாற்றமும் இருந்தன. கதவைத் தட்டினேன். பிரவீன்தான் திறந்தான். இளைத்திருந்தான். கையில் ஒரு புஸ்தகம், நடுவில் விரலை வைத்தபடி. என் முகத்தைப் பார்த்தான். சொல்லப்போனால் அவன் முகத்தில் பயம்தான் இருந்தது. அப்புறம் அவன் பார்வை என் தோளுக்குப் போனது. அங்கேயே நின்றது.

தேய்த்து மடித்த டீஷர்ட்டை நீட்டினேன்.

"எந்தக் கிழமைப்பா?" என்றான்.

"செவ்வாய். காலையில ஆறரை. அம்மாவுக்கு வியாழன்."

"அம்மாவுமா? எனக்கு சனிக்கிழமை" என்றவன் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். சிரித்தானா அழுதானா என்று நான் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் எங்கே பார்க்க வேண்டும் என்று எனக்குத்தான் பழக்கியிருந்தார்களே. மரம் இல்லாததால் எதிரே இருந்த மீட்டர் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான்:

"இன்னும் நாலு அரியர் இருக்குப்பா. நீங்க எல்லாத்தையும் முடிச்சுட்டுதான் வரணும்னு சொன்னீங்க."

"சொன்னேன்டா. அப்ப ப்ளேன் எதுவும் வரல."

அவனுக்குப் புரிந்தது. இந்த உலகத்தில் அந்த வாக்கியம் புரியக்கூடிய ஆட்கள் எங்கள் காலனியில் பாதிப் பேரும் அவனும்தான். டப்பாவைத் திறந்தான். நண்பர்கள் மூன்று பேரும் எங்கிருந்தோ முளைத்து வந்தார்கள். வறுவல் இரண்டு நிமிஷத்தில் காலி. சாயங்கால ரயிலில் அவனும் நானும் அவனுடைய பையும் வீட்டுக்கு வந்தோம்.

செவ்வாய்க்கிழமை ஆறரைக்கே மரத்தடியில் நின்றேன். போனைக் குண்டானில் போடுவதற்குள் கேட்டுவிட்டேன்.

"மேடம், நாங்க மூணு பேரும் இங்க வந்துகிட்டிருந்தோம்னு உங்களுக்கு மொதல்லேருந்தே தெரியும். துணி எடுக்கச் சொன்னதும் அதுக்குத்தானே?"

மேடம் என்னை ஒரு அந்நியனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"எந்த மூணு பேரு சார்?"

"நான், என் வைஃப், என் பையன்."

"எனக்கு ஒன்னியும் தெரியாது சார். துணி எடுக்கறது அல்லாருக்கும் குடுக்கற ஹோம்வொர்க்" என்றார். கொண்டையில் இருந்த பென்சிலைச் சரிசெய்துகொண்டார். "இங்க வந்து அடுத்தவங்க கதைய பேசக்கூடாது. பெருக்குங்க."

ஒரே குடும்பத்தின் மூன்று பக்கத்துப் புலம்பலையும் ஒரே தலைக்குள் வைத்துக்கொண்டு, செவ்வாயில் சொன்னது வியாழனுக்குத் தெரியாமல், வியாழனில் அழுதது சனிக்குத் தெரியாமல், அந்த அம்மாள் நாலு மாதம் மரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்றைக்கும் கேட்டால் தெரியாது என்றுதான் சொல்வார்.

பிரவீனுக்கு இன்னும் இரண்டு பேப்பர் பாக்கி. வீட்டில் இருந்துதான் படிக்கிறான். எனக்கு உருளைக்கிழங்கு வாரத்தில் ஒரு நாள் நாலு துண்டு என்று சலுகை கிடைத்திருக்கிறது. மனசில் இறக்கிவைக்க வேண்டிய சுமை எதுவும் இப்போது என்னிடம் இல்லை. இருந்தாலும் செவ்வாய்க்கிழமை போய்விடுகிறேன். மேடம் ஒன்றும் கேட்பதில்லை, விளக்குமாற்றை நீட்டுவார். பெருக்கிவிட்டு வருவேன்.

இதோ, மறுபடியும் ஆனி பிறந்து பழம் விழத் தொடங்கிவிட்டது. கறுப்பு டீஷர்ட் ஒன்று வாங்கித் தருகிறேன் என்று கலா சொல்லிப் பார்த்துவிட்டாள். நான் இருப்பதிலேயே வெள்ளையான சட்டையைப் போட்டுக்கொண்டு போய், மரத்துக்கு நேர் கீழே உட்கார்ந்துகொள்கிறேன்.